செடிக்குத் தாகம் எடுத்தால் 'வாசலை மூடு' என்று சொல்வது யார்?

2014 பிப்ரவரி நினைவிருக்கா? 1869க்குப் பிறகு சிங்கப்பூரில் ஆக வறண்ட மாதம் அது. புல்வெளிகள் பழுப்பாகிப் போயின.

தண்ணீர் கிடைக்காதபோது செடி என்ன செய்யும்?

இலைகளில் உள்ள குட்டித் துளைகளை மூடும். நீர் ஆவியாவது குறையும். மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன்.

ஹார்மோன் இருந்தால் போதுமா?

போதாது. அது இலை நரம்புகளை ஒட்டிய செல்களில் உருவாகிறது. வேலை செய்ய வேண்டியதோ துளைகளைச் சுற்றியுள்ள காப்பு செல்களில். இடையே இருக்கும் செல் சவ்வைக் கடக்க உதவுபவை கடத்திகள் எனப்படும் புரதங்கள்.

கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் அப்படி இரண்டு கடத்திகள் 2010இல் அடையாளம் காணப்பட்டன.

- ஏபிசிஜி25: ஹார்மோனைச் செல்லிலிருந்து வெளியே அனுப்பும்.
- ஏபிசிஜி40: அதைக் காப்பு செல்லுக்குள் கொண்டுவரும். இது இல்லாத செடிகளில் துளைகள் மெதுவாகத்தான் மூடின. வறட்சியைத் தாங்கும் திறனும் குறைந்தது.

அப்போ கடத்திகளைக் கூட்டிவிடலாமே?

அங்கேதான் சிக்கல். கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். ரொம்ப நேரம் மூடியே இருந்தால் வளர்ச்சி குறையும், விளைச்சலும் குறையும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. எங்கோ ஒரு வயல் காய்ந்தால், நம் தட்டில் உள்ள சோற்றின் விலையும் ஏறலாம். வறட்சியைத் தாங்கும் பயிருக்குத் துளையை மூடத் தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது திறக்கணும் என்றும் தெரியணும்.