கொள்கைப் பத்திரத்திலிருந்து குளக்கட்டு வரை: காலநிலைப் பணம் எங்கே தங்கிவிடுகிறது?

2024 நவம்பரில் அசர்பைஜான் தலைநகர் பாகுவில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, 2035 ஆம் ஆண்டளவில் வளர்முக நாடுகளுக்காக வருடாந்தம் 300 பில்லியன் டொலர் திரட்டப்படும் என்று அறிவித்தது. அந்தத் தொகை எல்லா ஊடகங்களிலும் தலைப்பாக வந்தது. கணக்கு எழுதிச் சீவிக்கிறவன் என்ற முறையில், எனக்குத் தொகையைவிட வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன. இந்தப் பணம் யாருடைய பேரேட்டில் வரவு வைக்கப்படும்? அங்கிருந்து கிராமத்துக்கு எந்த வழியால் இறங்கும்?

முந்தைய வாக்குறுதியின் கதை நமக்குத் தெரியும். 2020 இல் இருந்து வருடம் 100 பில்லியன் டொலர் என்று 2009 இல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் கணக்குப்படி அந்த எல்லை 2022 இல்தான் எட்டப்பட்டது. அந்த வருடம் வந்த அரச நிதியில் 69 சதவீதம் கடன். வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் தாக்குப்பிடிக்கச் செய்யும் வேலைகளுக்கு, அதாவது இசைவாக்கத்துக்கு, அதே வருடம் வளர்முக நாடுகளுக்குக் கிடைத்த சர்வதேச அரச நிதி 28 பில்லியன் டொலர் மட்டுமே என்கிறது ஐ.நா. சுற்றாடல் திட்டம். இன்னும் கீழே இறங்கிப் பார்த்தால் நிலைமை மோசம். 2016 வரை சர்வதேச காலநிலை நிதியங்கள் அங்கீகரித்த பணத்தில், உள்ளூர் மட்ட வேலைகளுக்கென்று போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று லண்டனில் உள்ள சுற்றாடல் மற்றும் அபிவிருத்திக்கான சர்வதேச நிறுவனம் 2017 இல் கணக்கிட்டது.

களவுதான் காரணம் என்று நம்மவர்கள் உடனே சொல்வார்கள். களவும் உண்டு. ஆனால் அதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நாடுகளிடமும் இன்று தேசிய காலநிலைத் திட்டம் இருக்கிறது. பளபளப்பான அட்டை, அமைச்சரின் முன்னுரை, உள்ளே பல நூறு நடவடிக்கைகள். பாதீட்டில் அவற்றுக்கென்று செலவுத் தலைப்பு இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. செலவுத் தலைப்பு இல்லாத கொள்கைக்கு எந்தக் கணக்காளனும் காசோலை எழுத முடியாது. எழுதினால் அடுத்த கணக்காய்வில் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தடையைத் தாண்டிய நாடு என்று கென்யாவைச் சொல்லலாம். 2010 இல் அங்கே புதிய அரசியலமைப்பு வந்தது. 2013 இல் கவுண்டி என்று அழைக்கப்படும் 47 பிராந்திய அரசுகள் தேர்தல் மூலம் அமைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், வடக்கே வரண்ட இசியோலோவில் ஒரு பரிசோதனை தொடங்கியது. காலநிலை வேலைகளுக்கான நிதியத்தைத் தலைநகர் நைரோபியில் வைக்காமல் பிராந்தியத்திலேயே வைத்து, எதற்குச் செலவழிப்பது என்பதை வட்டார மட்டக் குழுக்களிடம் விடுவதுதான் அந்தப் பரிசோதனை. குழு உறுப்பினர்களை ஊர்ச் சனமே தெரிவு செய்தது.

நிதியத்தின் பங்கீடு எளிமையானது. 70 சதவீதம் வட்டாரக் குழுக்கள் தீர்மானிக்கும் வேலைகளுக்கு. 20 சதவீதம் பல வட்டாரங்களுக்குப் பொதுவான வேலைகளுக்கு. மிகுதி 10 சதவீதம் நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும். வெளிநாட்டு உதவித் திட்டங்களில் ஆலோசகர் கட்டணம், வாகனம், பயிற்சிப் பட்டறை என்று போகும் பங்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பத்து சதவீதம் எவ்வளவு சிறியது என்று விளங்கும்.

சனம் எதைக் கேட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இசியோலோவின் பொரானா மேய்ப்பர்களிடம் 'தேதா' என்ற பழைய மேய்ச்சல் முறை உண்டு. மழைக்காலத்தில் எந்தப் புல்வெளி, கோடையில் எது, கடும் வரட்சிக்கு ஒதுக்கி வைப்பது எது என்று பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். கண்ட இடமெல்லாம் புதுக் கிணறு தோண்டினால் மாடுகள் வருடம் முழுக்க அங்கேயே நிற்கும், ஒதுக்கிய புல்லும் போய்விடும். ஆகவே அவர்கள் முதலில் கேட்டது அந்தக் காவல் முறையைப் பலப்படுத்தவும், இருக்கின்ற நீர்க்குட்டைகளைத் திருத்தவும்தான். தெற்கே மக்குவேனியில் மணல் அணைகள். வற்றிப்போகும் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டினால், வெள்ளம் கொண்டுவரும் மணல் அதன் பின்னால் நிரம்பும். தண்ணீர் மணலுக்குள்ளே நிற்கும், வெயில் குடிக்காது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் அள்ளிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பரிசோதனை நல்லபடி முடிந்து, அறிக்கை எழுதி, நன்கொடையாளர் போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும். கென்யாவில் அப்படி நடக்காததற்குக் காரணம் சட்டம். 2015 இல் மக்குவேனி, தன் அபிவிருத்திப் பாதீட்டில் 1 சதவீதத்தைக் காலநிலை நிதியத்துக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்று விதி செய்தது. அடுத்து வஜீர் 2 சதவீதம் என்று சட்டம் இயற்றியது. சொந்தப் பணம் உள்ளே இருப்பதால் கணக்குக் கேட்கும் உரிமையும் சனத்துக்கு வந்தது. 2021 ஒக்டோபரில் இதை நாடு முழுவதும் விரிக்க உலக வங்கி 150 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. டென்மார்க், சுவீடன், ஜேர்மனி போன்ற நாடுகளும் பங்களித்தன. அங்கே வாழும் நம்மவர்களின் வரிப்பணமும் அதற்குள் இருக்கிறது. பணம் பெற நிபந்தனை உண்டு. நிதியச் சட்டம் வேண்டும், வட்டாரக் குழு வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. நைரோபித் திறைசேரி பிராந்தியங்களுக்குப் பணம் விடுவிப்பதில் இழுத்தடிப்பது அங்கே தீராத முறைப்பாடு. யூனில் நிதியாண்டு முடியும் நாட்டில், கடைசி வாரங்களில் பணம் வந்தால் அவசரக் கேள்விமனுவும் அரைகுறைச் சுவரும்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த 150 மில்லியன் கடன். வட்டி குறைவு, தவணை நீளம், இருந்தாலும் கடன்தான். உலகின் வெப்ப வாயுவில் மிகச் சிறிய பங்கையே வெளியிட்ட நாடு, மற்றவர்கள் செய்த சேதத்தைத் திருத்தக் கடன்பட்டு மணல் அணை கட்டுகிறது. இது எந்தக் கணக்கியல் நியாயத்துக்குள்ளும் அடங்காது.

இதை நாம் ஏன் படிக்க வேண்டும்? இலங்கைக்கும் காலநிலைப் பணம் வந்திருக்கிறது. வரண்ட வலயத்தின் சிறு குளங்களைத் திருத்த, பசுமைக் காலநிலை நிதியம் 2016 இல் 38 மில்லியன் டொலர் அங்கீகரித்தது. வவுனியா, மன்னார், திருகோணமலை மாவட்டங்களும் அதில் அடங்கும். திருத்திய குளங்களால் கமக்காரருக்கு நன்மை உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் நடந்த பாதையைப் பாருங்கள். ஐ.நா. அபிவிருத்தித் திட்டம், கொழும்பு அமைச்சு, பிறகு திணைக்களம். 200 ஏக்கர் வயலுக்குக் குறைவாகப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, அதுவும் கொழும்பின் கீழ்த்தான். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சிதான். மக்குவேனி செய்ததுபோல் ஒரு நிதியச் சட்டத்தை நிறைவேற்றச் சபையே இல்லாத இடத்தில், நாளைக்கு 300 பில்லியனில் ஒரு துளி வந்தாலும் அதை நம் சனத்தின் பெயரில் வரவு வைக்கப் பேரேடு கிடையாது. மாகாண சபைத் தேர்தலை வெறும் கதிரைச் சண்டை என்று ஒதுக்குபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் குளக்கட்டுக்கும் கிணற்றுக்கும் அனுப்பும் பணம், எந்த உலக நிதியத்தையும்விட வேகமாக ஊர் போய்ச் சேர்கிறது. உண்மை. ஆனால் பெரும்பாலும் கட்டுவதற்கும் கல்வெட்டுத் திறப்பதற்கும்தான் காசு. மூன்றாம் வருடம் துருசு பழுதானால் யார் செலவு என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் எழுதி வைப்பதில்லை.

இப்போதைக்கு மக்கள் தெரிவு செய்த உள்ளூர் மன்றமாக மிஞ்சியிருப்பது பிரதேச சபை. 2025 மே மாதம் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. அவற்றின் நிதியாண்டு சனவரியில் தொடங்குவதால், வருட முடிவில் பாதீடு சபைக்கு வரும். அதில் குளம், வடிகால், வெள்ள வாய்க்கால் பராமரிப்புக்கு எவ்வளவு, சென்ற வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். அந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும்தான். ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர்கள், ஊரில் இருக்கும் அண்ணனிடமோ மச்சாளிடமோ சொல்லித்தான் விண்ணப்பம் போட வேண்டும்.