மனையறம்: ஆடையில் ஒட்டிய பசை

மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டுவதும், புதிய ஊரில் அதை அவிழ்ப்பதும் நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பொருள் சேதமுறாமல் இருப்பதில்லை. அண்மையில் தில்லிக்குக் குடிவந்த சகோதரி ஒருவர் இத்தகைய சேதத்தைப் பற்றியே நமக்கு எழுதியிருக்கிறார். அட்டைப் பெட்டியை மூடியிருந்த பழுப்புப் பசைநாடா மடங்கி உள்ளே விழுந்து, அவருடைய தாயார் உடுத்திய காஞ்சிபுரம் பட்டில் ஒட்டிக்கொண்டதாம். நாடாவை உரித்துவிட்டார், பசை மட்டும் நான்கு விரற்கிடை அகலத்திற்கு நின்றுவிட்டது. “வெந்நீர் விட்டுக் கசக்கலாமா? இஸ்திரி போட்டால் போகுமா? அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் ஒருவரும் இல்லை” என்கிறார்.

சகோதரியே, முதலில் வெந்நீரையும் இஸ்திரிப் பெட்டியையும் அப்பால் வையுங்கள். இவ்விரண்டும் இவ்விஷயத்தில் உமக்கு உதவா. இதை அனுபவத்தால் அறிந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை தினத்தன்று என் சேலையில் மெழுகு சொட்டியது. மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரி போட்டேன். மெழுகு உருகிக் காகிதத்தில் ஏறிவிட்டது, சேலை தப்பியது. அந்தப் பெருமையில், பிறகு ஒருநாள் பசைநாடாவின் கறைக்கும் அதே வைத்தியத்தைச் செய்தேன். பசை காகிதத்தில் ஏறவில்லை. இளகி இழைகளுக்குள் இறங்கிப் பின்புறமும் தெரியலாயிற்று. மெழுகுக்கு மருந்தானது பசைக்கு நஞ்சாயிற்று. ஒட்டியது இன்னதென்று அறியாமல் கைவைத்ததே என் பிழை.

அழுக்கு வேறு, பசை வேறு. அழுக்கு துணியின்மேல் தற்செயலாகத் தங்குவது. பசையோ பற்றிக்கொள்வதற்கென்றே செய்யப்படுவது. அதைக் கசக்கிப் பிரிக்க முயன்றால், பசை பிரியுமுன் இழை பிரியும். அதனைக் கரைக்கவல்லது எது என்று அறிந்து, அதனைக் கொண்டே இளக்க வேண்டும். ஆகவே நம் வீடுகளில் வழங்கும் பசைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மாவுப் பசை. கொலுப் படிக்குக் காகிதம் ஒட்டவும், பிள்ளைகளின் படங்களை ஒட்டவும் மைதாவைக் காய்ச்சிச் செய்வது. இது நீருக்கு அடங்குவது. வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஊறிய பசையைக் கரண்டியின் மழுங்கிய ஓரத்தால் வழித்துவிட்டுப் பின் சோப்பிட்டால் போய்விடும்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை. 1959ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த ஃபெவிகால், இன்று வீட்டுப் பேச்சில் இவ்வினத்துக்கே பெயராகிவிட்டது. ஈரமாயிருக்கையில் இது நீரில் கலந்த பாலைப் போன்றது. குழாயடியில் பிடித்த மாத்திரத்தில் கழுவிப் போகும். உலர்ந்துவிட்டாலோ கண்ணாடிபோல் இறுகி, நீரில் எளிதில் கரையாது. அப்போது சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் இரவு முழுதும் ஊறவைத்தால் மீண்டும் வெளுத்துப் பருத்து நிற்கும், அந்நிலையில் வழித்தெடுக்கலாம். எஞ்சியதை மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தோய்த்து ஒற்றி எடுக்கலாம். பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் பசை பட்டதென்று தெரிந்தால், வீடு திரும்பும்வரை காத்திராமல் பள்ளிக் குழாயிலேயே கழுவிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, நம் சகோதரியைத் துன்புறுத்திய இனம். பசைநாடா, விலைச்சீட்டு, ஒட்டுப்பொட்டு ஆகியவற்றின் பின்புறம் உள்ளது இது. ரப்பரையும் பிசினையும் ஒத்த பொருள்களால் ஆனது. எப்போதும் உலராது பிசுபிசுப்பது. நீர் இதனை ஒன்றும் செய்யாது. எண்ணெய்க்கே இது இளகும். இந்த உண்மையை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பலாப்பழம் அரியுமுன் கையிலும் அரிவாள்மணையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கத்தை நம் பாட்டிமார் எங்கே கற்றார்கள்? வடநாட்டுச் சந்தையில் பலாக்காய் நறுக்குபவரும் கடுகெண்ணெய் தடவிக்கொண்டே கத்தியை எடுக்கிறார். ஊர் வேறாயினும் பலாப்பாலின் குணம் ஒன்றுதானே! அப்பால் துணியில் பட்டாலும் எண்ணெயே மருந்து.

பருத்தி, பாலியெஸ்டர் போன்ற துவைக்கத்தக்க துணிகளில் இவ்வினப் பசையை நீக்கும் முறை வருமாறு: ஒரு பையில் பனிக்கட்டியை இட்டு, பசையின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்து விறைத்த பசையின் பெரும்பகுதியை மழுங்கிய கரண்டியால் பெயர்த்துவிடலாம். பிள்ளைகள் மெல்லும் சூயிங்கமும் இவ்வாறே பெயரும். மிஞ்சிய பிசுக்கில் தேங்காய் எண்ணெய் சில துளி விட்டு அரைமணி நேரம் விடுங்கள். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமாதலால், புட்டியைச் சற்று வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொள்க. கடுகெண்ணெய் வேண்டாம்; அதன் மஞ்சள் நிறம் மற்றொரு கறையாகும். பசை இளகியதும் பழந்துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய்க் கறையின்மேல் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைத் தடவிச் சிறிது நேரம் கழித்துத் துவைத்துவிடலாம்.

எண்ணெயைக் காட்டிலும் சிறந்தது நீலகிரித் தைலம். சளிக்கும் தலைவலிக்குமென்று நம் வீடுகளில் இருக்கும் அதே தைலந்தான். பசையைக் கரைப்பதோடு தானும் ஆவியாகிப் போவதால் பின்னால் எண்ணெய்ப் பசை அதிகம் தங்காது. பஞ்சில் சில துளி போதும். குழந்தைகள் அதனை விழுங்கினால் பெருந்தீங்கு விளையுமாதலால், வேலை முடிந்ததும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

நான்காவது இனம், நொடியில் ஒட்டும் பசை. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவரும் அவருடன் இருந்தோரும் துப்பாக்கியின் குறிநோக்கிக்கு ஏற்ற பிளாஸ்டிக் தேடியபோது இப்பொருளைக் கண்டு, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று ஒதுக்கினார்கள். அந்தக் குற்றமே குணமாகி, 1958இல் விற்பனைக்கு வந்தது. இதைப் பற்றித் துணிக் கறையினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பருத்தியிலும் கம்பளியிலும் இப்பசை மிகுதியாகப் பட்டால், கணப்பொழுதில் இறுகி, கடுஞ்சூட்டை எழுப்பும், புகையும் வரலாம். எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் உடைந்த பொம்மையை மடியில் வைத்து ஒட்ட முயன்று, பருத்திக் காற்சட்டையில் பசையைக் கொட்டிக்கொண்டான். அலறிய பிள்ளையைக் கண்ட தாய், பசைதானே என்று துணியைப் பிய்த்தெடுத்தார். தொடைத் தோலும் உடன் வந்தது. அத்தழும்பு இன்றும் இருக்கிறது.

அத்தகைய வேளையில் உடனே குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் அவ்விடத்தின்மேல் ஓடவிடுங்கள். ஒட்டிய துணியை உரிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணில் பட்டாலும் அவ்வாறே, தாமதியாமல் மருத்துவரை நாடுக. விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் வைத்திருந்து மெல்லப் பிரிக்கலாம். சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவே கூடாது.

துணியில் இறுகிய இப்பசைக்கு அசிட்டோன் வேண்டும். நகச்சாயம் நீக்கும் திரவங்கள் சிலவற்றில் அது உண்டு. அசிட்டோன் இல்லாதவையும் விற்கின்றன. புட்டியைப் படித்து வாங்குக. பசை முற்றும் உலர்ந்து ஆறிய பின், ஆடையைக் கழற்றி வைத்து, பஞ்சில் தோய்த்து ஒற்ற வேண்டும். ஆனால் அசிடேட் என்னும் செயற்கை இழையை அசிட்டோன் பசையோடு சேர்த்தே கரைத்துவிடும். மினுமினுக்கும் உள்துணிகளிலும் சாட்டின் வகைகளிலும் அவ்விழை இருக்கக்கூடும். எந்த இழையென்று தெரியாத துணியில் அசிட்டோனைத் தொடவே வேண்டாம்.

எந்தப் பசையாயினும் சில விதிகள் பொது. எம்மருந்தையும் முதலில் மடிப்பின் உட்புறத்தில் ஒரு துளியிட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள். கறையின் அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்த்தால் கறை பரவும். பசை முற்றும் நீங்கியதென்று வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்யும்வரை இஸ்திரி போடாதீர்கள். ஸ்பிரிட், தைலம், அசிட்டோன் மூன்றும் தீப்பற்றுபவை. அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், சாளரத்தைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஒரு மருந்து பலிக்கவில்லையென்று அதன்மேல் மற்றொன்றை ஊற்றாதீர்கள். குறிப்பாக, வெளுப்பு நீரோடு ஸ்பிரிட்டோ அசிட்டோனோ வினிகரோ சேர்ந்தால் நச்சு ஆவி எழும்.

பட்டுத் துணிக்குப் பெட்ரோல் தோய்த்துத் துடைக்கலாம் என்று சொல்லும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதனை இன்று எவரும் பின்பற்றலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானதாகையால் தரையோடு பரவி, அடுத்த அறையின் சுடரையும் எட்டும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் விளைவிப்பதென்றும் இப்போது தெளிவாகியிருக்கிறது. ஒரு சேலைக்காக உயிரைப் பணயம் வைப்பதா?

இனி, சகோதரியின் பட்டுக்கு வருவோம். பட்டின்மேல் எண்ணெயும் வேண்டாம், வெறும் நீரும் வேண்டாம். இரண்டுமே தடம் விடும். பனிக்கட்டியை நீர் கசியாத பையில் இட்டு, உலர்ந்த துணியில் சுற்றி, பசையின்மேல் சிறிது நேரம் வையுங்கள். விறைத்த பசையில் தானாகப் பெயர்வதை மட்டும் நகத்தின் ஓரத்தால், நெசவின் போக்கிலேயே, மெல்ல எடுங்கள். ஜரிகையின்மேல் பட்டிருந்தால் அதுவும் வேண்டாம். பிறகு காலந்தாழ்த்தாது, பட்டு வெளுத்துப் பழகிய உலர்சலவைக் கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது கறையிருக்கும் இடத்தை நூலால் அடையாளமிட்டு, இது பசைநாடாவின் பசை, இன்ன நாளில் பட்டது, இதுவரை இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மொழி தடையாயின் அந்நாடாவின் துண்டொன்றையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோயைச் சொல்லாமல் மருந்து பெற இயலாது.

இவ்வளவு செய்தும் மெல்லிய நிழல் ஒன்று தங்கிவிடலாம். அதையும் போக்கியே தீருவேன் என்று மேலும் தேய்த்துச் சேலையைக் கிழித்துவிடாதீர்கள். காப்பாற்ற வேண்டியது சேலை. கறையை வெல்வது இரண்டாவதுதான். நான் இஸ்திரி போட்டுக் கெடுத்த அந்தச் சேலையை இன்றும் உடுத்துகிறேன். கொசுவத்தின் உள்மடிப்பில் கறை மறைந்துவிடுகிறது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டுமே தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த முறை மூட்டை கட்டும்போது, பட்டுச் சேலைகளைப் பழைய மல் வேட்டியில் சுற்றியே பெட்டியில் அடுக்குங்கள். அந்த ஒரு முழத் துணி இருந்திருந்தால் இக்கடிதத்திற்கே இடமிருந்திராது.

மழைக்காலத்தில் ஆடைகளில் படரும் பூஞ்சணத்தைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.