கிடங்கு மூடிய மறுநாள்

குப்பைக் கிடங்கை இழந்த ஊர் முதலில் மாற்று நிலம் தேடுகிறது. பெரும்பாலும் அந்தத் தேடலே நெருக்கடியை நீட்டிக்கிறது. விளப்பில்சாலைக் குப்பை ஆலையின் நாற்றத்தையும் கழிவுநீரையும் சகிக்க முடியாத மக்கள் 2011 டிசம்பரில் அதை மூடவைத்தபோது, திருவனந்தபுரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. அடுத்த ஆண்டு காவல்துறைத் துணையுடன் நடந்த முயற்சிகளும் மறியலில் முடங்கின.

அதே காலத்தில் சர்வோதயபுரம் கிடங்குக்கு எதிர்ப்பு வலுத்தபோது ஆலப்புழை வேறு வழியில் போனது. 2012 இறுதியிலிருந்து வீடுகளுக்கு எரிவாயுக் கலன்களும் குழாய் உரக்கலன்களும், வார்டுகளுக்குத் தும்பூர்மூழித் தொட்டிகளும் வந்தன. அந்தத் தொட்டி நாலடிச் சதுரம், நாலடி உயரம். சுவரில் காற்றுக்கு இடைவெளி. சாணம், காய்ந்த சருகு, உணவுக் கழிவு எனப் படுகை படுகையாக நிரப்பினால் உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும். ஈப்புழுவும் நோய்க்கிருமியும் மடியும்; மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். காற்றோட்டம் குறையாதவரை நாற்றம் எழாது. அண்டை வீட்டார் இசைவது இதனால்தான். இதையே காரைக்குடியில் செய்தால், செட்டிநாட்டு வெயிலில் படுகை சீக்கிரம் உலரும்; ஈரம் பார்த்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் வாழ்ந்த காரைக்குடி, 2024-இல் மாநகராட்சியானது. கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்தன. முன்பு ஊருக்கு வெளியே என்று கருதப்பட்ட இடங்கள் இப்போது வார்டுகள். இனி எங்கே கொட்டினாலும் அது யாரோ ஒரு வாக்காளரின் வாசல். கிடங்கு இல்லாத வாரங்களில் குப்பை தானாகப் போய்ச் சேரும் இடம் கண்மாய்க்கரையும் ஊருணியும். நீருக்கு அவற்றையே நம்பிய சீமையில் இதைவிடக் கேடு வேறில்லை.

ஆகவே முதல் வேலை மக்கும் குப்பையைப் பிரிப்பது. அது ஒரு நாள்கூடக் காத்திருக்காது. காய்ந்த குப்பை கூரையடியில் பல வாரம் கிடக்கும். கல்யாணப் பந்தி முடிந்து மண்டபத்திலிருந்து வெளியேறும் எச்சில் இலையே இங்கு பெரும் சுமை. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவைத் தாண்டும் இடங்களை 2016 திடக்கழிவு விதிகள் தனியாக வகைப்படுத்தின. மண்டபங்களையும் விடுதிகளையும் தம் வளாகத்திலேயே எருவாக்கச் செய்தால் வண்டிகளின் பாரம் கணிசமாகக் குறையும்.

காய்ந்த குப்பைக்கு வழி முன்பே இருக்கிறது. வீடு இடித்த தூணையும் கதவையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்கும் ஊர் இது; காகிதமும் இரும்பும் காயலாங்கடைக்குப் போய்விடும். விலை போகாத பிளாஸ்டிக் உறைகளை உலர்த்திக் கட்டி, அரியலூர் போன்ற இடங்களின் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம். நாப்கினும் டயப்பரும் தனிப் பையில் வர வேண்டும்.

கிடங்கில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களின் கணக்கை எடுக்காமல் வாயிலைப் பூட்டுவது அநீதி. தரம் பிரிக்கும் கூடங்களில் முதல் வேலை அவர்களுக்கே உரியது. எந்தப் பிளாஸ்டிக் விலை போகும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

பழைய மேட்டையும் மறக்கலாகாது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. மேட்டைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து அகற்றும்வரை கிடங்கு மூடப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதக் கூடாது.