கேளாமற் கிழித்த கோடு

பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதனின்று அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007-இல் மறுபடியும் தனித்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் நான்கு முறை எல்லை மாறியும் இருபால் மக்களிடையே பகை முளைக்கவில்லை. உழவன் தன் நிலத்தை இழந்தானில்லை. உறவினர் வீட்டுக்குச் செல்ல ஒப்போலை கேட்பாருமில்லை. கோடு மாறினும் வாழ்வு மாறவில்லை.

வாழ்வையே அறுக்கும் கோடு வேறு. அத்தகைய கோடொன்று 1974 சூன் திங்களில் பாக்கு நீரிணையிற் கிழிக்கப்பட்டது. இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட, சேதுபதிகளின் உடைமையெனத் தமிழகம் கொண்டிருந்த 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கையின் பாற்பட்டது. அவ்வுடன்படிக்கை, மீனவரும் திருவிழாச் செல்வாரும் முன்போல் தீவுக்குச் சென்றுவர ஒப்பியது. 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட மடல்களோ, எல்லை கடந்து மீன்பிடிக்கும் உரிமையைப் பறித்தன. தலைமுறை தலைமுறையாக அக்கடலில் வலைவீசியவனை எவரும் கேட்டாரில்லை.

கேட்கும் நெறி இந்நாட்டிற்குப் புதிதன்று. மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பங்கிட 1958-இல் நேரு உடன்பட்டபோது, சட்டத்திருத்தமின்றி நாட்டு நிலத்தைப் பிறர்க்கு ஈதல் ஆகாதென 1960-இல் உச்ச நயன்மன்றம் உரைத்தது. கச்சத்தீவிற்கோ திருத்தம் எதுவும் வரவில்லை. அது வழக்கிலிருந்த இடமேயன்றிக் கொடுத்த இடமன்று என்றது தில்லி. 2015-இல் வங்காளதேயத்தோடு நில எல்லை தீர்ந்தபோது மட்டும், திட்டுகளில் வாழ்ந்தோரிடம் எந்நாட்டுக் குடியுரிமை வேண்டுமெனக் கேட்டனர். வங்கத்தானுக்கு ஒரு நெறி, தமிழனுக்கு ஒரு நெறியா?

எழுபதாண்டுகளில் மூன்று போர் கண்ட பிரான்சும் செருமனியும் சார் நிலத்துக்காகப் பூசலிட்டன. 1955-இல் அந்நிலத்து மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது; 1957-இல் அது செருமனியோடு இணைந்தது. அப்பூசலும் அதனோடு முடிந்தது.

இங்கே முடியவில்லை. 2009-இல் ஈழப்போர் ஓய்ந்து வடபுலத்து மீனவர் மீண்டும் கடலுக்கு வந்தபோது, தமிழகத்து இழுவைப்படகுகள் தம் வலைகளை அறுப்பதைக் கண்டனர். இக்கரையில் சிறைப்பட்டவன் மனைவி அழுகின்றாள். அக்கரையில் வலையிழந்தவன் மனைவி அழுகின்றாள். இருவரும் அழுவது தமிழில்! தில்லியும் கொழும்பும் கிழித்த கோட்டின் இருபுறமும் தமிழனே தமிழனைப் பகைக்கின்றான்.

கடல் காணாக் கரிசல் மண்ணார்க்கு இதிலென்ன என்னற்க. கடல்கடந்து படைசெலுத்திய இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்திலன்றோ உள்ளது!

கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானித்தது. அக்கோரிக்கை வலுப்பெற வேண்டுமாயின், கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை நாமே முதலிற் கைவிடல் வேண்டும். இருகரைத் தமிழ் மீனவரும் ஓரவையில் அமர்ந்து, எவர் எந்நாளில் எவ்வலையால் மீன்பிடிப்பதென முடிவுசெய்தல் வேண்டும். அரசுகள் அம்முடிவையே உடன்படிக்கையாக்கட்டும். கடலில் வாழ்பவனைக் கேட்டபின் கோடு கிழியுங்கள். அதுவரை இப்பகை ஆறாது!