இரண்டு முறை கேளுங்கள்



நமக்கு வரும் கடிதங்களில் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: 'கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது.' ரேம் கூட்டலாமா, எஸ்எஸ்டி போடலாமா, பேசாமல் புதிதாகவே வாங்கிவிடலாமா என்று அடுத்த வரியிலேயே கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கணினி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பது மட்டும் எந்தக் கடிதத்திலும் இருப்பதில்லை. அது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பிராசஸர் எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, டிஸ்கிலிருந்து எத்தனை பைட் படித்தது, நெட்வொர்க் வழியாக எவ்வளவு அனுப்பியது என்று இயங்குதளம் கணினியை இயக்கிய நொடியிலிருந்து கணக்கு எழுதி வருகிறது. அந்தக் கணக்கைக் காசு செலவில்லாமல் நாமே படிக்கலாம். இந்த மாத இதழில் பைத்தான் பயிற்சிப் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நாம் பயன்படுத்தப்போவது பிஎஸ்யூடில் என்ற நூலகம். இத்தாலியரான ஜியாம்பாவ்லோ ரொடோலா எழுதியது. முதல் பதிப்பு 2009இல் வந்தது. பிஎஸ்டி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் தன் கணக்கை ஓரிடத்தில் வைக்கிறது, விண்டோஸ் வேறிடத்தில் வைக்கிறது, மேக் இன்னோர் இடத்தில். ஒவ்வொன்றையும் கேட்கும் முறையும் வேறு. இவை அத்தனையையும் ஒரே பெயரில், ஒரே வரியில் கேட்கும்படி செய்திருக்கிறார் ரொடோலா. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இயங்குதளங்களின் மூலைமுடுக்குகளை அவர் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்பது நூலகத்தின் மூல நிரலைத் திறந்து பார்ப்பவர்களுக்குப் புரியும். மாணவர்கள் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

ஆனால் நூலகத்தைக் கையில் எடுக்கும் முன் அது எங்கிருந்து படிக்கிறது என்று பார்த்துவிடுவோம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ப்ராக் என்ற அடைவுக்குள் போய் ஸ்டாட் என்ற கோப்பின் அளவைப் பாருங்கள். 0 பைட் என்று காட்டும். அதே கோப்பைத் திறந்தால் வரிவரியாக எண்கள் கொட்டும். டிஸ்கில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. நீங்கள் திறக்கும் அந்தக் கணத்தில் கெர்னல் தன்னிடம் உள்ள கணக்கை எழுத்தாக்கிக் கொடுக்கிறது. இயங்கும் நிரல்களைக் கோப்புகள் போலப் படிக்கலாம் என்ற இந்த யோசனையை, பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் 1984இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அழகான யோசனை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதன்மேல்தான் நின்றுகொண்டு நாம் இன்று நம் லேப்டாப்பைக் கேள்வி கேட்கிறோம்.

அந்தக் கோப்பின் முதல் வரியில் இருக்கும் எண்கள் சதவீதம் அல்ல. பெரும்பாலான கணினிகளில் அவை நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட நேரக் கணக்கு. நம் வீட்டு ஈபி மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வருபவர் மீட்டரில் இருக்கும் எண்ணுக்கு பில் போடுவதில்லை. போன முறை எடுத்த எண்ணைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் போடுகிறார். கவுன்டர் என்பது எதுவாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டே பார்ப்போம். நான்கு கோர் உள்ள கணினி. முதல் வரியின் முதல் ஐந்து எண்கள் 84210, 310, 21540, 960400, 3120 என்று இருக்கின்றன. வரிசைப்படி இவை நம் நிரல்களுக்குப் போன நேரம், முன்னுரிமை குறைத்து ஓடும் நிரல்களுக்குப் போன நேரம், கெர்னலுக்குப் போன நேரம், சும்மா இருந்த நேரம், டிஸ்குக்காகக் காத்துச் சும்மா இருந்த நேரம். மீதி எண்கள் மிகச் சிறியவை, இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒரு நொடி கழித்து மறுபடி படிக்கிறோம்: 84270, 310, 21560, 960712, 3128. கழித்துப் பார்த்தால் 60, 0, 20, 312, 8. மொத்தம் 400. நான்கு கோர், ஒரு நொடி, நூறு நூறாக நானூறு. கணக்கு சரியாக இருக்கிறது. இதில் உண்மையில் வேலை நடந்தது 60ம் 20ம் சேர்ந்து 80. ஆக, அந்த ஒரு நொடியில் பிராசஸர் 20 சதவீதம் உழைத்திருக்கிறது.

இப்போது முதலில் எடுத்த எண்களை மட்டும் வைத்து வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 10 சதவீதம் வரும். அதுவும் பொய்யில்லை. கணினியை இயக்கியதிலிருந்து இதுவரை உள்ள சராசரி அது. ஆனால் நாம் கேட்டது இப்போது என்ன நடக்கிறது என்று. விஎம்ஸ்டாட் என்ற பழைய யுனிக்ஸ் கருவி தரும் முதல் வரியும் இப்படி இயக்கியதிலிருந்து உள்ள சராசரிதான். அனுபவமுள்ள சிஸ்டம் அட்மின்கள் அதைத் தாண்டி இரண்டாவது வரியிலிருந்துதான் படிப்பார்கள்.

பிஎஸ்யூடிலில் பிராசஸர் சதவீதத்தைக் காத்திருக்கும் நேரம் எதுவும் கொடுக்காமல் முதன்முறை கேட்டால் 0.0 என்று வருவதற்குக் காரணம் இதுதான். புதிதாகப் பழகுபவர்கள் நூலகத்தில் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். பிழை அல்ல, கழிப்பதற்கு முந்தைய எண் அதனிடம் இல்லை. முதல் விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, குறைந்தது 0.1 நொடி இடைவெளி விட்டு மறுபடி கேட்க வேண்டும். இடைவெளியாக ஒரு நொடி என்று நாமே கொடுத்துவிட்டால், அது காத்திருந்து இரண்டு எண்களையும் தானே எடுத்துக் கழித்துக் கொடுத்துவிடும். நான் எப்போதும் ஒரு நொடியே கொடுக்கச் சொல்வேன். அதைவிடக் குறைத்தால் எண் துள்ளும், பார்ப்பவர்தான் குழம்புவார்.

விண்டோஸ்காரர்கள் பொறாமைப்பட வேண்டாம். 1993இல் வந்த முதல் விண்டோஸ் என்டியிலேயே பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் இருந்தது. அங்கே ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு பாதைப் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயர்கள் விண்டோஸ் எந்த மொழியில் நிறுவப்பட்டிருக்கிறதோ அந்த மொழியில் இருக்கும். ஆங்கில விண்டோஸில் ஓடிய ஸ்கிரிப்ட், ஜெர்மன் விண்டோஸில் அப்படி ஒரு கவுன்டரே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். விஸ்டாவிலிருந்துதான், எந்த மொழி விண்டோஸாக இருந்தாலும் ஆங்கிலப் பெயராலேயே கேட்கும் வழி சேர்க்கப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதும் நம் இளைஞர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் வேகத்தைக் காட்டும் எந்தக் கவுன்டரையும் இரண்டு முறை படித்தால்தான் விடை கிடைக்கும்.

நம் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பக்க வடிவமைப்பு நடக்கும் கணினி மதிய நேரத்தில் திணறிக்கொண்டிருந்தது. ஒரு படத்தை நகர்த்தினால் அது நகர்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் போலிருந்தது. 'சார், ரேம் மட்டும் இன்னொன்று போட்டுக் கொடுத்துடுங்க, போதும்' என்றார் வடிவமைப்பாளர். வாங்குவதற்கு முன் பிஎஸ்யூடிலை வைத்துப் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, காலையிலிருந்து மாலை வரை எண்களை ஒரு கோப்பில் எழுதவிட்டோம். பிராசஸர் பெரும்பாலும் ஓய்வாகவே இருந்தது. நினைவகத்தில் பாதி கைவசம் இருந்தது. டிஸ்கில் படித்த பைட்டுகளின் வித்தியாசம் மட்டும் மதியம் திடீரென்று ஏறியது. அடுத்து ஒவ்வொரு பிராசஸாகப் பார்த்ததில் ஆள் அகப்பட்டது: பின்னணியில் ஓடும் பேக்கப் நிரல். பழைய இதழ்களின் படங்கள் இருக்கும் கோப்புறை முழுவதையும் தினமும் மதியம் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. நேரத்தை இரவுக்கு மாற்றினோம். ரேம் வாங்கவில்லை.

நினைவகத்தைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை, ஏனென்றால் அதிகம் பேர் பயப்படுவது இதில்தான். லினக்ஸில் 'ஃப்ரீ' என்ற எண் சிறிதாக இருப்பதைப் பார்த்ததும் ரேம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் சும்மா விடுவதில்லை. டிஸ்கிலிருந்து படித்ததை அதில் வைத்துக்கொள்கிறது. நிரல் ஒன்று இடம் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். அப்படிக் கொடுக்கக்கூடியதையும் சேர்த்து மதிப்பிட்டுச் சொல்லும் 'அவெய்லபிள்' என்ற எண்ணை கெர்னலே 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து தருகிறது. பிஎஸ்யூடில் காட்டும் நினைவகச் சதவீதம் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நீங்களும் இதையே பாருங்கள், ஃப்ரீயைப் பார்க்காதீர்கள்.

சரி, இரண்டு முறை படித்துக் கழித்தால் போதுமா? கழிக்கும் இரண்டு எண்ணும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் கணினி ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும். வித்தியாசம் மைனஸில் வரும். இயக்கிய நேரத்தையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்து எழுதினால் இது உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, கவுன்டருக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. 32 பிட் கவுன்டர் 4,294,967,295 வரைதான் எண்ணும். அடுத்த பைட்டுக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு ஒரு ஜிகாபிட் முழுவேகத்தில் தரவு ஓடினால் சுமார் 34 நொடியில் அந்த எண் நிறைந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு இடையில் என்ன நடந்தது என்றே தெரியாது. சில இயங்குதளங்களில் டிஸ்க், நெட்வொர்க் எண்கள் இப்படித் திரும்புவதை பிஎஸ்யூடில் தானே கவனித்துச் சரிசெய்து கொடுக்கிறது. ஆனால் நாம் கேட்டால்தானே அது கவனிக்கும்? இடைவெளியை அளவோடு வையுங்கள்.

பிராசஸ் விஷயத்தில் இது இன்னும் நுட்பம். ஒரு பிராசஸ் முடிந்ததும் அதன் எண்ணை இயங்குதளம் பிறகு வேறொன்றுக்குக் கொடுத்துவிடலாம். எண்ணை மட்டும் நம்பிக் கழித்தால், ஒருவருடைய கணக்கை இன்னொருவர் தலையில் எழுதுவதாகிவிடும். பிஎஸ்யூடில் அந்த எண்ணோடு பிராசஸ் தொடங்கிய நேரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இது அதே ஆள்தானா என்று சரிபார்க்கிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்த நூலகத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பட்டியல் எடுப்பதற்கும் விவரம் கேட்பதற்கும் நடுவில் பிராசஸ் மறைந்துபோவதும் உண்டு. சிலவற்றைப் பார்க்க நமக்கு அனுமதி இருக்காது. இரண்டுக்கும் தனித்தனிப் பிழை வகைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதாவிட்டால், உங்கள் ஸ்கிரிப்ட் நடு ராத்திரியில் நின்றுபோயிருக்கும்.

ஒரு பிராசஸ் 180 சதவீதம் என்று காட்டினால் திடுக்கிடாதீர்கள். பிராசஸ் அளவில் கேட்கும்போது ஒரு கோர் முழுதும் உழைத்தால் 100 என்பதுதான் பிஎஸ்யூடிலின் கணக்கு, யுனிக்ஸின் டாப் கருவியைப் போல. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் எல்லா கோர்களுக்கும் பங்கிட்டுக் காட்டுவதால் இரண்டும் ஒத்துப்போகாது.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. கணினி நன்றாக ஓடும் நாட்களிலேயே இந்தப் பதிவை எடுத்து வையுங்கள். திணறும்போது மட்டும் எண்களைப் பார்த்தால், டிஸ்கில் நொடிக்கு இருபது மெகாபைட் படிப்பது உங்கள் கணினிக்கு வழக்கமா, அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு ஒரு வரி போதும்: நேரம், இயக்கிய நேரம், பிராசஸர் சதவீதம், அவெய்லபிள் நினைவகம், டிஸ்கில் படித்ததும் எழுதியதும், நெட்வொர்க்கில் வந்ததும் போனதும். ஒரு நாளுக்கு 1440 வரிகள்தான். சாதாரண எக்செலில் திறந்து வரைபடம் போட்டுவிடலாம். கவுன்டர்களைக் கழிக்காமல் அப்படியே எழுதுங்கள், கழிப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். நொடிக்குப் பலமுறை எல்லா பிராசஸையும் துருவிக்கொண்டிருந்தால் உங்கள் ஸ்கிரிப்டே பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும், அது வேண்டாம்.

இந்த மாதப் பயிற்சியில் அந்த ஸ்கிரிப்டை வரிக்கு வரி விளக்கியிருக்கிறோம். நல்ல நாள் ஒன்று, திணறிய நாள் ஒன்று என இரண்டு பதிவுகளை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் சிலவற்றை எடுத்து, எங்கே இடிக்கிறது என்று உங்களோடு சேர்ந்து படிப்போம். அனுப்பும் முன் பயனர் பெயர் இருக்கும் பகுதியை அழித்துவிடுங்கள். பிராசஸ்களின் முழுக் கட்டளை வரியைப் பதிவில் சேர்த்திருந்தால் அதையும் கட்டாயம் நீக்குங்கள். சில நிரல்களுக்குக் கடவுச்சொல்லையே அந்த வரியில் கொடுத்து இயக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்