விலை கூடினால் கரைச்சல் இல்லையா?

“காசைப் பார்க்காமல் நல்ல சாமானாக எடுத்தால் பிறகு கரைச்சல் இல்லை.” திருமலை நிலாவெளியில் விடுதி நடத்துபவரும் சொல்கிறார், பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்கு டேப் தேடும் தகப்பனும் சொல்கிறார். விலை உயர்ந்த டேப்லெட் விடயத்தில் இது உண்மையல்ல. நம்பியவரின் காசையும் உரிமையையும் சேர்த்தே பறிக்கும் நம்பிக்கை இது.

2018 நவம்பரில் வெளியான ஐபேட் ப்ரோவின் தடிப்பு 5.9 மில்லிமீற்றர். சில கருவிகள் பெட்டிக்குள்ளேயே இலேசாக வளைந்திருந்தன. அப்பிள் அதை மறுக்கவில்லை. உலோகமும் பிளாஸ்டிக்கும் சூடாறும்போது நேர்வது, குறைபாடு அல்ல என்றது. 400 மைக்ரோன் வரை வளைவு இருக்கலாம் என்று பின்னர் வரையறையும் சொன்னது. 2019 மார்ச் முதல் ஒக்டோபர் வரை தயாரான ஐபேட் எயார்களில் சிலவற்றின் திரை ஒரேயடியாக இருண்டுபோக, மறு ஆண்டு இலவசத் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024 செப்டெம்பரில் ஐபேட்ஓஎஸ் 18 ஏற்றியதும் சில எம்4 ஐபேட் ப்ரோக்கள் உயிரற்றுப் போயின. அந்த மாடல்களுக்கான புதுப்பிப்பை அப்பிள் தற்காலிகமாக மீளப்பெற்றது.

மைக்ரோசொஃப்டின் கதையும் இதுதான். சர்ஃபேஸ் ப்ரோ 4 சூடேறியதும் திரை நடுங்கத் தொடங்கும். சிலர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதிக்குள் வைத்து எடுத்து வேலை செய்தார்கள். 2015இல் சந்தைக்கு வந்த கருவிக்கு இலவச மாற்று கிடைத்தது 2018 மே மாதத்தில்தான். அதற்கிடையில், மைக்ரோசொஃப்ட் கருவிகளில் நூற்றுக்கு 25 இரண்டு ஆண்டுகளுக்குள் சிக்கல் தரும் என்று மதிப்பிட்ட அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ், 2017 ஓகஸ்டில் சர்ஃபேஸ்களுக்கான தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. மைக்ரோசொஃப்ட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

கூடின விலைக்குக் கிடைப்பவை உண்டு: கூர்மையான திரை, வேகம், நீண்ட கால மென்பொருள் ஆதரவு. ஆனால் மெல்லிய உடலுக்காகப் பற்றரியையும் திரையையும் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். 2018 ஐபேட் ப்ரோவைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்சிற் என்ற நிறுவனம், திருத்தும் வசதிக்குப் பத்துக்கு 3 புள்ளிதான் கொடுத்தது.

இந்தக் கருவிதான் நிலாவெளிக்கு வருகிறது. ஐபேட் இயங்க அப்பிள் குறித்திருக்கும் உச்ச வெப்பம் 35 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருமலையில் நிழலிலேயே அதைத் தாண்டும் நாட்கள் உண்டு. புறாத்தீவுக்குப் படகு பதிபவர் கடற்கரை மேசையில் டேப்பை வைத்தால், சற்று நேரத்தில் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், சூட்டு எச்சரிக்கை வரும். உப்புக் காற்றின் ஈரம் சார்ஜ் துளைக்குள் படிந்து தொடுமுனைகளை அரிக்கும். ஐபேட்டுக்கு நீர்த்தடுப்புத் தரச்சான்றே கிடையாது. சம்சுங் கலக்ஸி டேப் எஸ்9க்கு ஐபி68 உண்டு, ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது.

பழுதானால்? கனடாவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ஐபேட்டுக்கு இங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம். விற்ற நாட்டுக்குள் சேவையை மட்டுப்படுத்தும் உரிமையை அப்பிள் தன் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

அப்போதும் இந்த நம்பிக்கை சும்மா இருப்பதில்லை. “இவ்வளவு விலைச் சாமான் தானாகப் பழுதாகுமா, நீதான் ஏதோ செய்திருப்பாய்” என்று பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. தயாரிப்பாளன் தப்பிவிடுகிறான். வளைவைக் குறைபாடல்ல என்று ஒரு நிறுவனம் சொல்லத் துணிவது, விலையைக் கண்டே தரத்தை ஒப்புக்கொள்ளும் கூட்டம் இருப்பதால்தான்.

வாங்குபவர் காசை எண்ணிக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை வேறு. இது எந்த நாட்டு உத்தரவாதம்? திருமலையில் யார் திறந்து திருத்துவார்? பற்றரி மாற்ற என்ன செலவு? பதில் சொல்லத் தயங்கும் கடையில் மலிவானதையும் வாங்கக்கூடாது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அதற்கான காலம் விற்பனை நாளிலிருந்து மூன்றே மாதம். வெம்மையும் உப்பும் கருவியை வாட்ட அதைவிட நாள் எடுக்கும், ஆகவே அந்தக் கெடு நீள வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் டேப்லெட் தயாரிப்பாளர்களுக்குக் கட்டாயமாக்கியது இது: 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் பற்றரியில் 80 வீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். அதே கருவியை வாங்கும் இலங்கையருக்கும் அந்த ஏழு ஆண்டுகள் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.