சட்டம் உறங்கினால் ஆறு சாகும்

மீனுக்கு வாக்குரிமை இல்லை. வழக்கறிஞரை அமர்த்த வகையுமில்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பறித்துவிட்டால், மூச்சடைத்துச் செத்து மிதப்பதே அது தரும் புகார் மனு! அந்த மனுவைப் படிப்பவர் யார்? பிழைப்பிழந்த மீனவருக்குப் பதில் சொல்பவர் யார்?

வெள்ளையர் ஆட்சி 1897-இல் இயற்றிய இந்திய மீன்வளச் சட்டம், மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ கருதி நீரில் நஞ்சிடுவதைக் குற்றமாக்கிற்று. ஓடையில் நஞ்சிடும் ஏழை அதில் சிக்குவான். மீனைப் பற்றிய நினைவே இன்றி, இலாபத்தை மட்டும் எண்ணிக் கழிவைத் திறந்துவிடும் முதலாளி? அவரைத் தடுக்க 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. தமிழகத்தில் 1982-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைந்தது. விளைந்தது என்ன?

நொய்யலைப் பாருங்கள்! வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்திற்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 'தண்ணீர் திறந்துவிடுங்கள்' என்று கேட்க வேண்டிய உழவர், 'திறந்துவிடாதீர்கள்' என்று கெஞ்சினர்! உழவருக்கு உதவாத நீர் மீனுக்கா உதவும்?

சட்டம் இருந்தது, வாரியம் இருந்தது. எனினும் உழவர்களே உயர்நீதிமன்றப் படியேற நேர்ந்தது. ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விழலாகாது என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. அதுவும் மதிக்கப்படாமையால், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடும் ஆணை பிறந்தது. காலத்தே கண்டிக்கத் தவறிய குற்றம் எவருடையதோ. வேலையிழந்து தண்டனை ஏற்றவன் தொழிலாளி! கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பட்டறைக்கே பயன்படுத்தும் முறை அதன் பின்னரே அங்கு வேரூன்றிற்று. ஆகவே, 'ஆறா, தொழிலா?' என்று மிரட்டுவோரை நம்பற்க. இரண்டும் வாழ வழியுண்டு. செலவிட மனமில்லாதவரே அதை மறைக்கின்றனர்.

தோழர்களே! 60 நாள் முன்னறிவிப்புத் தந்து எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் முறையிட, 1988-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி திறந்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரல் வேண்டும் என்னும் நெறியை, வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. கருவி கையில் இருக்கிறது, எடுப்பார்தாம் தேவை.

நள்ளிரவில் மதகு திறப்பதை முதலில் காண்பவர் கரையோர மீனவர். அவர் சொல் அதிகாரியின் செவியில் ஏற, நாம் அவர் பக்கம் நிற்போம். நீர்ச் சோதனை முடிவுகளை ஊராட்சி மன்றத்தின் வாயிலில் தமிழில் ஒட்டச் சொல்வோம். செத்த மீனுக்குரிய ஈட்டைக் கழிவு விட்டவரிடமே வாங்கச் செய்வோம். மக்கள் விழித்திருந்தால் சட்டம் உறங்காது. சட்டம் உறங்காவிடில் ஆறு சாகாது!